தம்பியின் கூடாரத்தில் அம்மா

கடற்கரையில் கூடாரம் போட்டுப் படுக்கப் போகிறோம் என்று சொன்னாலே என் அம்மாவுக்குக் கோபம் மூக்கு நுனிக்கு வந்துவிடும். "வீடு இருக்கு, ஃபேன் இருக்கு, மெத்தை இருக்கு. மணல்ல போய்ப் படுக்க எனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு?" என்பார். தம்பி விடமாட்டான். "ஒரு தடவ வந்துதான் பாருங்களேம்மா. நல்லாருக்கும்லா." ஒவ்வொரு நீண்ட விடுமுறைக்கும் இந்தச் சண்டை நடக்கும். கடைசியில் அம்மா புளிச்சோறும் நெத்திலிச் சம்பலும் கட்டிக் கொடுத்துவிட்டு வாசலோடு நின்றுகொள்வார். நானும் என் வீட்டுக்காரரும் தம்பியும் போய்வருவோம்.

அந்த வாசலில் அம்மாவுக்கு ஒரு சட்டம் உண்டு. கிளம்புகிறவர்கள் "போறேன்" என்று சொல்லக் கூடாது, "வரேன்" என்றுதான் சொல்ல வேண்டும். அம்மாவும் யாரையும் வெறும் "போ" என்று அனுப்பமாட்டார், "போயிட்டு வா"தான். அடுப்படிக்குள் நுழையும் தெருப்பூனையைக்கூட "போயிட்டு வா, போயிட்டு வா" என்று சொல்லித்தான் துடைப்பத்தால் விரட்டுவார். பூனையும் சொல் தட்டாமல் திரும்பி வரும். தம்பி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

தம்பிக்குக் கல்யாணம் ஆகவில்லை. சிங்கப்பூரில் வேலை. விடியுமுன் மோட்டார்சைக்கிளில் பாலத்தைத் தாண்டிப் போய், இருட்டியபின் மலேசியாவில் எங்கள் ஊரான கோத்தா திங்கிக்குத் திரும்புகிறவன். ஆசைப்பட்டு அவன் வாங்கியது அந்த மோட்டார்சைக்கிளும் ஒரு பச்சைக் கூடாரமும்தான். மோட்டார்சைக்கிள் அவனைக் கொண்டுபோய்விட்டது. மழை, ஒரு லாரி, அவ்வளவுதான். அதற்குமேல் அதை எழுத எனக்குத் தெம்பில்லை. கூடாரம் மட்டும் எங்கள் காரின் பின்னால் கிடந்தது, மடக்கு நாற்காலி, சட்டி, குடையோடும் கடைசியாகப் போய்வந்த மணலோடும்.

அவனை எரித்த அன்று மின்சுடலையில் கூட்டம். சாம்பல் எங்கள் கைக்கு வரும்போது வெயில் இறங்கிவிட்டது.

"பொழுது சாஞ்சப்புறம் கடல்ல கரைக்கக் கூடாது," என்றார் மாமா. அம்மாவின் தம்பி அவர். எங்கள் குடும்பத்தில் நல்லதானாலும் கெட்டதானாலும் அவர்தான் முன்னால் நிற்பார். அவருக்குத் தெரியாத சாஸ்திரம் கிடையாது. அதில் பாதியை அவர் அந்தந்த இடத்தில் நின்றபடியே தயாரிக்கிறார் என்பது என் நெடுநாள் சந்தேகம். கொள்ளியை நான் வைக்கிறேன் என்றபோது, பொம்பளை அந்த வேலை செய்தால் குடும்பம் விளங்காது என்று தடுத்ததும் அவர்தான். என் வீட்டுக்காரர் வைத்தார். கூடப் பிறந்தவள் நான் குத்துக்கல் மாதிரி தள்ளி நின்றேன்.

"வீட்டுக்கும் கொண்டுபோகக் கூடாது," என்றார் மாமா அடுத்து. அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். சாம்பல் திரும்ப வாசற்படி ஏறக் கூடாது. "இங்கயே அலமாரியில வச்சிட்டுப் போவோம். காலைல வந்து எடுத்துக்கலாம்."

அந்த நாட்களில் அம்மா பேசியதெல்லாம் ஒரே ஒரு வாக்கியம். "என்னையும் அவனோட அனுப்பிடுங்க." யார் வந்து கையைப் பிடித்தாலும் அதையே சொன்னார். தண்ணீர் கொடுத்தாலும் அதையே சொன்னார். இப்போது அலமாரி என்றதும் நிமிர்ந்தார்.

"அலமாரியில வைக்க அவன் என்ன சட்டிபானையா? அவன் கூடாரம் கார்லதான கெடக்கு? அங்கயே போங்க. நானும் வரேன்."

எத்தனை வருஷம் கூப்பிட்டான்! இதோ வந்தார் அம்மா, மண்பானையில் அவனை மடியில் வைத்துக்கொண்டு.

செம்பனைக் காடுகளைத் தாண்டி நாங்கள் அந்தக் கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. சவுக்கு மரங்கள், அப்பால் மணல், அதற்கப்பால் கடல். ஒரு பக்கம் கொஞ்ச தூரத்தில் ஆறு வந்து கலக்கும். கூடாரத்தை எப்போதும் தம்பிதான் கட்டுவான். நாங்கள் இருவரும் நின்று வேடிக்கை பார்ப்போம். இப்போது எந்தக் கம்பி எந்தத் துளையில் போகும் என்றுகூட எங்களுக்குத் தெரியவில்லை. மாமா யோசனை சொல்லச் சொல்ல அது இன்னும் கோணியது. கூடாரப் பையின் அடியில் அவனுடைய பழைய சாரமும் ஒரு டீசட்டையும் சுருண்டு கிடந்தன. அம்மா கண்ணில் படாமல் திரும்ப உள்ளே திணித்தேன்.

பானையின் வாயைச் சிவப்புத் துணியால் கட்டி, ஒரு சவுக்கு மரக் கிளையில் தொங்கவிட்டோம். அம்மா மடக்கு நாற்காலியை அதன் அடியில் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"உள்ள வந்து படுங்கம்மா," என்றேன்.

"அவன் வெளிய தொங்குறான். நான் உள்ள போயி நீட்டி நிமிந்து படுக்கவா?"

கொஞ்சம் தள்ளி ஒரு மலாய்க் குடும்பம் கூடாரம் போட்டிருந்தது. புருஷன், மனைவி, சின்னப் பிள்ளைகள். மரத்தில் தொங்குவது என்ன என்று அந்த அம்மாளுக்குப் புரிந்துவிட்டது போலும். பாட்டை நிறுத்திவிட்டு, பிள்ளைகளை அதட்டி உட்கார வைத்தார். பிறகு ஒரு குடுவையில் தேத்தண்ணீர் கொண்டுவந்து அம்மாவின் காலடியில் வைத்துவிட்டுப் போனார்.

நான் அம்மாவைப் பார்த்தபடியே இருந்தேன். என் பயம் ஒன்றுதான். அம்மாவுக்கு நீச்சல் தெரியாது. "என்னையும் அனுப்பிடுங்க" என்று சொல்கிற ஒருத்தியைக் கடலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறோம். கரைத்துவிட்டு வரும்வரை இவர் கையை விடக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

விடிந்தபோது கடலைக் காணோம். சவுக்கு மரங்களைக் காணோம். மலாய்க்காரர் கூடாரத்தையும் காணோம். இட்லிச் சட்டியைத் திறந்ததுபோல் வெதுவெதுப்பாக, வெள்ளையாக, எங்கும் மூடியிருந்தது.

"ஜெரெபுலா," என்றார் என் வீட்டுக்காரர். காட்டை எரிக்கிற புகை வந்து மூடும் மாதங்கள் எங்களுக்குப் பழக்கம்.

"புகை நாத்தம் எங்கப்பா இருக்கு? மூடுபனி," என்றார் மாமா. அதிசயமாக அவர் சொன்னது சரி. ராத்திரி மழை பெய்திருந்தது, அம்மா குடையோடு மரத்தடியிலேயே இருந்தார்; இப்போது மண் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அலைச் சத்தம் மட்டும் எங்கிருந்தோ கேட்டது.

மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இப்பவே எறங்கணும். கொஞ்ச நேரத்துல ராகு காலம் வந்துடும்."

அப்போது பக்கத்துக் கூடாரத்து ஆள் பனிக்குள்ளிருந்து வந்தார். கடல் பக்கம் கையைக் காட்டி, "ஆயேர் தெங்ஙா நாய்க்," என்றார். தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். தூண்டில் போடும்போது தம்பி எனக்கு இதைப் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறான். தண்ணீர் ஏறும்போது கடலில் எதைப் போட்டாலும் கரைக்கே திரும்பி வரும். வற்றும்போது போட்டால்தான் போகும்.

"மாமா, தண்ணி ஏறுது. இப்ப போட்டா பூவெல்லாம் திரும்பி வந்துடும். மத்தியானத்துக்கு மேல செய்யலாமே."

"மீன் புடிக்கவாம்மா வந்திருக்கோம்? நேரம்தான் முக்கியம். தண்ணி அது பாட்டுக்கு ஏறும், எறங்கும்."

இவரிடம் வாதம் பண்ணுவதற்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம். அம்மாவை நாற்காலியிலிருந்து எழுப்பினேன்.

முழங்கால் தண்ணீரில் நாங்கள் நின்றோம். என் வீட்டுக்காரர் இடுப்பளவுக்கு இறங்கி, கடலுக்கு முதுகைக் காட்டி நின்று, பானையைத் தோளுக்கு மேலாகப் பின்னால் விட்டார். 'தொம்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான் என் தம்பி. நாங்கள் சாமந்தியையும் ரோஜா இதழ்களையும் கைநிறைய அள்ளிப் போட்டோம். அம்மாவின் வாய் முணுமுணுத்தது. என்னவென்று காதில் விழவில்லை.

"சரி, கரையேறுங்க. யாரும் திரும்பிப் பாக்கக் கூடாது," என்றார் மாமா. "என்ன சத்தம் கேட்டாலும் சரி, யார் கூப்பிட்டாலும் சரி. பாத்தா அந்த உசுரு போகாது. நம்ம பின்னாடியே வந்துடும்."

இதுவும் எல்லாருக்கும் தெரிந்ததுதான். சுடுகாட்டிலிருந்து வரும்போதும் அப்படித்தான். மாமா முன்னால் நடந்தார். அவர் பின்னால் என் வீட்டுக்காரர். பின்னால் நான். கடைசியில் அம்மா. நான் திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டினேன். அம்மா என் விரல்களைப் பிடித்துக்கொண்டார். ஈரமாகவும் சூடாகவும் இருந்தது அந்தக் கை. சில எட்டு நடந்ததும் கை நழுவியது. நனைந்த சேலையைத் தூக்கிப் பிடிக்க விடுகிறார் என்று நினைத்தேன். கையை நீட்டியபடியே நடந்தேன். பின்னால் தண்ணீர் சலசலத்தது. அம்மா நடக்கிற சத்தம் என்று நினைத்தேன். திரும்பவில்லை. கழுத்து வலிக்க வலிக்க நேராகவே பார்த்துக்கொண்டு நடந்தேன்.

கூடாரத்துக்கு வந்து, கால் கழுவத் தண்ணீரை எடுத்து, "அம்மா, காலக் காட்டுங்க," என்று திரும்பினேன்.

பின்னால் வெறும் வெள்ளை.

"அம்மா எங்க?" என்றேன்.

"ஒன் கூடதான வந்துச்சு?" என்றார் மாமா.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். கையிலிருந்த சொம்பு கீழே விழுந்தது. நான் ஓடத் தொடங்கியபோது மாமா குறுக்கே வந்து இரண்டு கையையும் விரித்தார்.

"நில்லும்மா! கரைச்ச எடத்துக்குத் திரும்பிப் போகக் கூடாது. கூடவே வந்துடும், சொன்னா கேளு!"

"வரட்டும் மாமா! என் தம்பிதான வரான்? வந்தா சோறு போடுறேன்! தள்ளுங்க!" என்று கத்தினேன். அவரைப் பிடித்துத் தள்ளவும் செய்தேன். என் வாழ்க்கையில் ஒரு பெரியவர்மேல் கை வைத்தது அன்றுதான். அதற்காக இன்றுவரை எனக்கு வருத்தமில்லை.

போனில் லைன் இல்லை. அந்தக் கரையில் எப்போதும் இருந்ததில்லை; அதற்காகவே தம்பிக்கு அந்த இடம் பிடிக்கும். என் கூச்சலைக் கேட்டு மலாய்க்கார அம்மாளும் அவர் புருஷனும் ஓடிவந்தார்கள். "மாக் ஹிலாங்," அம்மாவைக் காணோம் என்று என் வீட்டுக்காரர் சொல்லி முடிக்கும் முன்பே, அந்த அம்மாள் தங்கள் வேனில் ஏறி ஹாரனை அழுத்தத் தொடங்கிவிட்டார், பனிக்குள் போகிறவர்களுக்குக் கூடாரம் எந்தப் பக்கம் என்று தெரியட்டும் என்று. இரண்டு ஆண்களும் வலப்பக்கம் ஓடினார்கள். நான் ஆறு கலக்கும் இடப்பக்கம் ஓடினேன். அங்கேதான் இழுப்பு அதிகம்.

நாங்கள் நடந்துவந்த கால்தடங்களைத் தேடினேன். ஏறிவந்த தண்ணீர் அதற்குள் எல்லாவற்றையும் அழித்துவிட்டிருந்தது. எந்த இடத்தில் இறங்கினோம் என்பதே தெரியவில்லை. நீட்டிய கை தெரிந்தது, கைக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. "அம்மா! அம்மா!" என்று கத்தினேன். என் சத்தம் எனக்கே பஞ்சு மூட்டைக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. பதில் இல்லை. நின்று காதைக் கொடுத்தேன். அலை. ஹாரன். மறுபடி அலை. தூரத்தில் யாரோ அம்மாவை "மாக்சிக்! மாக்சிக்!" என்று கூப்பிடும் சத்தம். அம்மா குரல் மட்டும் இல்லை.

ஏதோ கறுப்பாக நிற்பதைக் கண்டு பாய்ந்து போய்க் கட்டிப் பிடித்தேன். அது ஒதுங்கிக் கிடந்த மரத்தின் வேர். அதையே ஓங்கி உதைத்தேன், கால் நகம் பெயர்ந்தது.

பிறகு அந்தத் துண்டைப் பார்த்தேன். அம்மா தோளில் போட்டிருந்த வெள்ளைத் துண்டு. தண்ணீரில் மிதந்து வந்து என் கணுக்காலில் சுற்றிக்கொண்டது.

எனக்கும் நீச்சல் தெரியாது. இருந்தும் இறங்கினேன். மார்பளவு போனதும் கால் தரையில் நிற்கவில்லை. வாய்க்குள் உப்புத் தண்ணீர் போனது. எங்கே என்று தேடுவது? முன்னால் வெள்ளை, பின்னால் வெள்ளை, கீழே கறுத்த தண்ணீர். கையால் தண்ணீருக்குள் துழாவினேன், காணாமல்போன கம்மலைத் தேடுவதுபோல. ஐயோ, ஒரே காலையில் இரண்டு பேரையா! வீட்டுக்குப் போய் எந்த முகத்தோடு அந்தக் கதவைத் திறப்பேன்? அலை என்னைத் தூக்கிக் கரைப் பக்கம் எறிந்தது. அங்கேயே முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

சாமியைக் கும்பிட வரவில்லை எனக்கு. தம்பிமேல்தான் ஆத்திரம் வந்தது. கடலைப் பார்த்து வாய்விட்டு ஏசினேன். "டேய்! ஒனக்குப் போகணும்னா நீ போடா! அவங்கள ஏன்டா கூட்டிக்கிட்டுப் போற? எனக்கு யாருடா இருக்கா? விடுடா அவங்கள! விட்டுட்டுப் போடா!" செத்தவனை இப்படி ஏசலாமா என்று மாமா கேட்பார். ஏசினேன். தொண்டை கிழியும்வரை ஏசினேன்.

முழங்காலில் என்னவோ வந்து தட்டியது. ஒரு சாமந்திப் பூ. பின்னாலேயே இன்னொன்று. கொஞ்சம் ரோஜா இதழ். எங்கள் பூக்கள்தான். தண்ணீர் ஏற ஏற எல்லாம் கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தன, வலப்பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக, கரையை ஒட்டியே நகர்ந்து. அப்படியானால் காலையில் நாங்கள் இறங்கிய இடத்தை நான் தாண்டி வந்துவிட்டேன். எழுந்து, பூக்கள் வரும் திசையைப் பார்த்து, தண்ணீருக்குள்ளேயே நடந்தேன். ஒரு பூவிலிருந்து அடுத்த பூவுக்கு. பூ தெரியாதபோது நின்று, அலை அடுத்ததைக் கொண்டுவரும்வரை காத்திருந்தேன். காத்திருந்த ஒவ்வொரு முறையும் இதற்குள் முடிந்திருக்கும், இதற்குள் முடிந்திருக்கும் என்றுதான் மனம் அடித்துக்கொண்டது.

அப்போது கேட்டது குரல். சன்னமாக, களைத்துப்போய், யாரையோ செல்லமாகக் கண்டிக்கிற குரல்.

"போயிட்டு வாடா. போயிட்டு வா சாமி. சொன்னா கேக்கணும், போயிட்டு வா."

மார்பளவு தண்ணீரில் அம்மா நின்றுகொண்டிருந்தார். கொண்டை அவிழ்ந்து முகமெல்லாம் முடி. அலை கொண்டுவரும் பூக்களை இரண்டு கையாலும் கடல் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார். அவை ஒரு முழம் போய், மறுபடி அவர் மார்பிலேயே வந்து மோதின. பானையைக் கட்டியிருந்த சிவப்புத் துணியும் திரும்பி வந்து அவர் கையில் சுற்றியிருந்தது. தள்ளுவதற்காக ஒவ்வொரு அடியாக உள்ளே போய்க்கொண்டிருந்தார் அம்மா. அடுத்த அலைக்குத் தண்ணீர் அவர் கழுத்தைத் தொட்டது.

நான் போய் இடுப்பைக் கட்டிப் பிடித்தேன்.

"விடுடி," என்றார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இவன் போக மாட்டேங்கிறான். வந்துக்கிட்டே இருக்கான். நீங்கல்லாம் திரும்பிப் பாக்காமப் போயிட்டீங்க. புள்ள பின்னாடியே வந்து நிக்கிறான், எவளாச்சும் ஒருத்தி பாக்க வேணாமா?"

"அம்மா, வாங்கம்மா. கழுத்துக்குத் தண்ணி வந்துருச்சு."

"இவன அனுப்பிட்டு வரேன். இல்லன்னா நானும் கூடப் போயி விட்டுட்டு வரேன். பள்ளிக்கூடத்துல கொண்டுபோயி விடல?"

இழுத்தேன், அசையவில்லை. அவ்வளவு பலம் அந்த உடம்பில் எங்கிருந்து வந்ததோ. ஓர் அலை வந்து எங்கள் இருவரையும் முக்கியது. அம்மாவின் தலை தண்ணீருக்குள் போனது. சேலையைப் பிடித்து மேலே இழுத்தேன். அவர் இருமினார், இருமியபடியே மறுபடி பூவைத் தள்ளக் கையை நீட்டினார். பலத்தால் இவரை வெளியே கொண்டுவர முடியாது என்று அப்போது எனக்குத் தெரிந்துபோயிற்று.

"அம்மா, நான் சொல்றதக் கேளுங்க. தண்ணி ஏறுதும்மா. இப்ப நீங்க என்ன தள்ளினாலும் அவனால போக முடியாது. அவன்தான் எனக்குச் சொல்லியிருக்கான். வத்தும்போதுதான் போகும். நாமதான் தப்பான நேரத்துல போட்டுட்டோம். அவன்மேல தப்பில்ல."

அம்மாவின் கை நின்றது. "அவனா சொன்னான்?"

"அவன்தாம்மா. தூண்டில் போடும்போதெல்லாம் சொல்வான்."

"எப்ப வத்தும்?"

"மத்தியானத்துக்கு மேல."

"அதுவரைக்கும் இவன் தனியா அலையணுமா?"

"இல்லம்மா. நாம இங்கயே இருப்போம். அவன் கூடாரத்துல உக்காந்து பாத்துக்கிட்டே இருப்போம். யாரும் முதுகக் காட்ட மாட்டோம்."

அம்மா என் முகத்தைப் பார்த்தார். பொய் சொல்கிறேனா என்று சின்ன வயதில் பார்ப்பாரே, அதே பார்வை. பிறகு மொத்தக் கனத்தையும் என்மேல் போட்டுவிட்டார். ஹாரன் சத்தத்தை வைத்துக்கொண்டு, அவரை அணைத்து இழுத்து, விழுந்து எழுந்து கரையேறினேன்.

கூடாரத்தின் முன்னால் மாமா மணலில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும், "அக்கா," என்று எழுந்தார். அம்மா அவர் முன்னால் நின்றார். பற்கள் தந்தியடித்தன.

"என்னையாடா திரும்பிப் பாக்காதங்குற? அவன் பொறந்ததிலேருந்து நான் திரும்பித் திரும்பிப் பாத்துத்தான்டா அவன் வளந்தான்."

மாமாவிடம் இதற்குச் சாஸ்திரம் இல்லை.

சுடலையிலிருந்து நேராக வந்தவர்கள் நாங்கள். மாற்றுச் சேலை கிடையாது. கூடாரப் பைக்குள் கைவிட்டுத் தம்பியின் சாரத்தையும் டீசட்டையையும் எடுத்தேன். அம்மா டீசட்டையை மூக்கருகே கொண்டுபோனார். பிறகு மாட்டிக்கொண்டார். கூடாரத்துக்குள் கூட்டிப்போய், அதன் வாயில் கடலைப் பார்க்க உட்கார வைத்தேன். இம்முறை மறுக்கவில்லை. மலாய்க்கார அம்மாள் வந்து போர்வையைச் சுற்றிவிட்டு, அம்மாவின் பாதங்களைத் தன் கைகளால் தேய்த்துச் சூடாக்கினார். அழுகை அவர் கண்ணிலும் நின்றது. என் வீட்டுக்காரரும் அவர் புருஷனும் திரும்பி வந்து, அம்மாவைப் பார்த்ததும் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார்கள்.

பனி மெல்ல விலகியது. கடல் கூடாரத்துக்குப் பக்கமாக வந்து நின்றது. பூக்கள் ஒரு கோடாக ஒதுங்கியிருந்தன. நானும் என் வீட்டுக்காரரும் ஒன்று விடாமல் பொறுக்கி, சோறு வடிக்கிற சட்டியில் போட்டோம். சிவப்புத் துணியை அம்மா தரவில்லை. மடியில் வைத்துக்கொண்டார். ராகு காலம் வந்து போனது. யாரும் கடிகாரம் பார்க்கவில்லை. மாமா அம்மாவுக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்திருந்தார், அவரும் கடலைப் பார்த்தபடி. "தேத்தண்ணி குடி அக்கா," என்று மட்டும் இரண்டொரு தடவை சொன்னார். அம்மா குடிக்கவில்லை. இமைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார். "என்னையும் அனுப்பிடுங்க" என்று எப்போது ஆரம்பிப்பாரோ என்று அவர் வாயையே கவனித்துக்கொண்டிருந்தேன்.

உச்சி தாண்டியதும் மணல் ஈரமாகப் பளபளத்து நீளத் தொடங்கியது. தண்ணீர் இறங்குகிறது. நான் எழுந்து சட்டியைத் தூக்கினேன்.

"நான் போறேன்," என்றேன் மாமாவைப் பார்த்து. பொம்பளை செய்யக் கூடாது என்று ஒரு வார்த்தை வரட்டும், பார்க்கலாம் என்று நின்றேன். வரவில்லை. அம்மா சிவப்புத் துணியைச் சட்டியில் வைத்தார்.

இடுப்பளவு இறங்கி, கடலைப் பார்த்து நின்று, எல்லாவற்றையும் என் கையாலேயே விட்டேன். முதலில் தயங்கின. பிறகு துணி முன்னால் போக, பூக்கள் பின்னால் போயின. ஒன்றுகூட என்னிடம் திரும்பி வரவில்லை. அது எனக்குத் தாங்கவில்லை. ஒன்றாவது வந்திருக்கலாம். பின்னோக்கி அடியெடுத்து வைத்தே கரையேறினேன். அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு அது. வந்து கூடாரத்தின் வாயில் அம்மாவை ஒட்டி உட்கார்ந்தேன்.

காற்று வீசியது. கூடாரத்துணி படபடத்தது. சிவப்பு ஒரு புள்ளியாகி, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகமாகி, இல்லாமல் போனது. அம்மா கூடாரத்தை ஒரு முறை அண்ணாந்து பார்த்தார். பிறகு கடலிடம் பேசினார், சாப்பாட்டு மேசைக்கு எதிரில் அவன் உட்கார்ந்திருக்கும்போது பேசுவாரே, அந்தக் குரலில்.

"நல்லாத்தான்டா இருக்கு. நான்தான் வராம இருந்துட்டேன்."

டீசட்டையின் கழுத்தைப் பிடித்து இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சரி, போ," என்றார்.